அம்பர்நாத் சிவாலயம் கண்டோம்

அம்பர்நாத் என்னும் பெயரைக் கேட்டவுடன் மும்பை வாழ் தமிழன்பர்களின் நினைவில் எழுவன தொழிற்சாலைகளும் அலுவல் நேரத்து நெரிசல் வண்டிகளுமே. ஸ்வீடன் நாட்டு முதலாளிகள் 1920களில் தொடங்கிய தீப்பெட்டி ஆலை இவ்வூரில்தான் இருந்தது. சிவகாசியார் தொழில் கற்று முன்னேறிய காலத்தில் அவர்களுக்குப் பெரும் போட்டியாக விளங்கியது அந்நிறுவனமே. ஆனால் ஆலைகள் தோன்றுவதற்கு எண்ணூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த ஒரு சிவாலயம் நிலையத்திற்குக் கிழக்கே இருப்பதை நம்மவருள் பலர் அறியார்.

நாம் சென்ற காரணத்தையும் சொல்லிவிடுதல் நலம். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் தஞ்சை மாவட்டத்திலுள்ள நம் ஊருக்குச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு பாகம் பிரிந்து வீடு கைமாறிற்று. மும்பையிலேயே பிறந்த பிள்ளைகள் மூவரும், “இனி எந்த ஊருக்கு அப்பா போவோம்?” என்று கேட்டனர். விடை கூற இயலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு, மனைவி மக்களுடன் தாதரில் வண்டி ஏறினோம்.

இருப்புப்பாதை ஊழியராதலின் வழியைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் இருக்க நம்மால் ஆகாது. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் தூரம் ஓடியதே இந்நாட்டின் முதற் பயணிகள் வண்டி. மறு ஆண்டு கலியாணம் வரையிலும், 1856-ல் அம்பர்நாத் வழியே மலையடிவாரத்துக் கோபோலி வரையிலும் பாதை நீண்டது. கலியாணம் நிரம்பப் பழைய ஊர். நம் சோழநாட்டுத் துறைமுகங்களைக் குறிப்பிடும் அதே கிரேக்கக் கடல்வழி நூல் இதனையும் குறிப்பிடுகின்றது.

கலியாணத்திற்கும் அம்பர்நாத்துக்கும் இடையே உல்லாஸ் நகர் வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர் தங்கிய கொட்டகைகளில், 1947-க்குப் பின் வீடிழந்து வந்த சிந்தி மக்கள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாக விளங்கிய நம் இராஜாஜி அவர்கள். இதனைச் சொன்னதும் மூத்த மகன், “ஊரே இல்லாமல் வந்தவர்களா இவ்வளவு கடைகள் வைத்திருக்கிறார்கள்?” என்று சாளரத்தின் வழியே நெடுநேரம் பார்த்திருந்தான்.

இனிக் கோயிலுக்கு வருவோம். வடகொங்கணத்தை ஆண்ட சிலாகார மரபினருள் சித்தராசன், நாகார்ச்சுனன், மும்முணி என உடன்பிறந்தார் மூவர் அடுத்தடுத்து அரசு புரிந்தனர். மூத்தவன் தொடங்க இளையவன் முடித்தான் என்பர். வடவாயில் நிலையின் மேற்கல்லிலுள்ள சிறு கல்வெட்டே சான்று. அதிலுள்ள சக ஆண்டை டாக்டர் பாவு தாஜி 782 என்று படித்தார். பின்னர் பண்டிதர் பகவான்லால் இந்திராஜி அது 982 எனத் திருத்தினார். ஓர் இலக்கத்தில் இருநூறு ஆண்டு வேறுபாடு! பேரேட்டில் இலக்கம் எழுதிப் பிழைக்கும் நமக்கு இது மிகவும் உறைத்தது. சக ஆண்டு 982 என்பது கி.பி. 1060 ஆகும்.

அவ்வாண்டில் சோழநாட்டை ஆண்டவன் இரண்டாம் இராசேந்திரன். 1054-ஐ ஒட்டிக் கொப்பத்துப் போரில் தமையன் இராசாதிராசன் யானைமேல் துஞ்ச, களத்திலேயே முடி சூடிச் சாளுக்கியன் சோமேசுவரனைப் புறங்கண்டவன் அவன். அச்சாளுக்கியரின் மேலாண்மைக்கு ஒதுங்கியும் ஒதுங்காமலும் இருந்தோரே சிலாகாரர். பெரியவர்கள் பொருதுகொண்டிருக்க, இச்சிறு மன்னர் கருங்கல்லைக் குடைந்து கலை வளர்த்தனர்.

கோயில் மேற்கு நோக்கியது. நம் கோயில்களைப்போல் கோபுரமோ நீண்ட திருச்சுற்றுகளோ இல்லை. மண்டபத்தின் மூன்று புறமும் முகப்புகள். புறச்சுவரில் தெய்வங்களும் ஆடல் மகளிரும் நெருக்கமாக நிற்கின்றனர். கருவறைக்கு ஏறாமல், ஏறத்தாழ இருபது படிகள் இறங்குதல் வேண்டும். விமானத்தின் உச்சி இல்லாமையால் இலிங்கத்தின் மேல் வானமே கூரை. அம்பரம் என்றால் வானம். ஆகவே அம்பரநாதர் எனல் பொருந்தும். ஆம்ரநாதர் என்பதே பழம்பெயர் எனக் கொள்வாரும் உளர். ஆம்ரம் என்பது மாமரம். காஞ்சியில் ஒற்றை மாவின்கீழ் அமர்ந்த ஏகாம்பரநாதரின் பெயரும் அவ்வாறு வந்ததே அன்றோ! நம் இல்லத்தார் இதைக் கேட்டதும் மறுபடியும் படியிறங்கிக் கும்பிட்டு வந்தார்.

பாண்டவர் ஓரிரவில் கட்டினர் என்பது ஊரார் கதை. மாமல்லையிலும் நாம் அவர்கள் தலையிலேயே சுமத்தினோம். ஆனால் தஞ்சையில் 1010-ல் முடிந்த பெரிய கோயிலின் சுவர்கள் ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரையும் வீட்டு வரிசையையும் கூடச் சொல்கின்றன. இங்கோ செதுக்கிய கை எதுவென்று கல் வாய் திறப்பதில்லை. 1868-ல் அரசினர் பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியினரை அனுப்பிச் சிற்பங்களுக்கு வார்ப்பச்சுகள் எடுப்பித்தனர். பல முகங்கள் இன்று மூக்கும் விழியும் மழுங்கியுள்ளன. கோயிலை ஒட்டி ஓடும் வால்துனி ஆறு ஆலைக் கழிவால் கறுத்து நாறுகின்றது. கட்டுச்சாதத்தை ஆற்றங்கரையில் அவிழ்க்க எண்ணியிருந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு நிலையத்திற்கே திரும்பி உண்டோம். ஆலைகளில் உழைத்தோருள் நம்மவரும் உளராதலின், பிறர்மேல் மட்டும் பழி போடுதல் முறையன்று.

கடைக்குட்டி, தமிழ் எழுத்து ஒன்றேனும் இருக்குமோ என்று சுவர் முழுதும் தேடினாள். இல்லை என்றோம். “இருந்தாலும் நம் சாமிதானே?” என்றாள். ஆம் என்றோம்.

செல்ல விரும்பும் அன்பர்கட்கு: மகாசிவராத்திரியன்று பெருந்திரள் கூடுமாதலின் சிற்பம் காண இயலாது. ஞாயிறுகளில் பாதைப் பணிக்காக வண்டிகளைக் குறைப்பதுண்டு. முதல்நாளே விசாரித்து, காலை எட்டு மணிக்குள் சென்று சேர்க. கருவறை இருளுக்குக் கைவிளக்கு ஒன்றும், குடிநீரும் உடன் இருக்கட்டும்.