மென் கான்டாக்ட் லென்ஸ் பொருத்துதல்

செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961இல் நீருறிஞ்சும் பாலிமரில் வார்த்தெடுத்த வில்லையின் வழிவந்த மென் லென்ஸ், கருவிழியின்மேல் படிந்து பார்வைக் குறையைத் திருத்துவது. சென்னையில் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை 1985இல் தொடங்கிய எலைட் பார்வையியல் பள்ளி போன்றவை பயிற்றுவிக்கும் லென்ஸ் பொருத்தும் கலையில், லென்ஸைத் தேர்வதற்கு முன்பே கண் உலர்வு, ஒவ்வாமை, இமையழற்சி ஆகியவை உள்ளனவா என்று பிளவுவிளக்கு நுண்ணோக்கியால் ஆராயப்படுகிறது. லென்ஸின் விட்டம் கருவிழியைவிட ஏறத்தாழ 2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். சோதனை லென்ஸை இட்டுச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்கையில், அது நடுவில் நிலைத்து, இமைக்கும்தோறும் அரை மி.மீ.க்குள் அசைந்தால் பொருத்தம் சரியானது. கீழிமையால் மேலே தள்ளியும் எளிதில் நகராதது இறுக்கமானது, அணிபவருக்கு உறுத்தாவிட்டாலும் அதைத் தரலாகாது. வீட்டின் ஆழ்குழாய் நீரோ வேறெந்தக் குழாய் நீரோ லென்ஸில் படக்கூடாது. அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி அந்நீர்வழித் தொற்றிக் கருவிழியைப் புண்ணாக்கக்கூடும்.