முதலாவது இணையத்தளம் தோன்றிய வரலாறு

ஒரு பெருங்காரியம் நிறைவேறியபின் அதன் பயனை நுகர்வோர் பலர். அஃது எவ்வாறு கருக்கொண்டது, யார் கையில் வளர்ந்தது என விசாரிப்போர் சிலர். இணையத்தளத்திலே பரீட்சைப் பெறுபேறு பார்க்கின்றோம். கடல்கடந்த உறவினரின் திருமண அழைப்பையும் அதிலேயே காண்கின்றோம். ஆயினும் உலகின் முதலாவது இணையத்தளம் எக்குறையை நீக்க எழுந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். அவ்வரலாறு நம்போன்ற சங்கத்தாருக்கு நல்லதொரு பாடமாதலின், இம்மலரில் அதனைச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

சுவிற்சலாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையிலே, ஜெனீவா நகருக்கு அண்மையில், 1954ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சேர்ண் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. பல தேசத்து விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து கூடுவர். பெரும்பாலோர் இரண்டு ஆண்டளவில் திரும்பிச் செல்வர். அவர் செய்த வேலையின் விபரமும் அவரோடு போய்விடும். எழுதி வைத்தவையோ வெவ்வேறு கணினிகளிற் சிதறிக் கிடந்தன. ஒரு கணினியின் முறை மற்றொன்றுக்கு விளங்காது. ஒருவர் அரிதிற் கண்டறிந்ததைப் பின்வந்தவர் மீண்டும் முதலிலிருந்து தேடவேண்டியதாயிற்று.

இக்குறையைக் கண்டு வருந்தியவர் ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். 1955இல் லண்டனிலே பிறந்த இவருடைய தாயும் தந்தையும் ஆதிக் கணினிகளுள் ஒன்றில் வேலை செய்தவர்கள். 1980இல் ஆறு மாத வேலைக்காக இவர் சேர்ணுக்கு வந்தபோது, யார் எதைச் செய்கின்றார், எது எதனோடு தொடர்புடையது என்பவற்றைக் குறித்துவைக்கத் தமக்கெனச் சிறிய நிரல் ஒன்றை ஆக்கினார். அவர் போனபின் அந்நிரல் அடங்கிய தட்டும் தொலைந்துபோயிற்று! நினைவைக் காக்கச் செய்த கருவியே நினைவின்றி மறைந்தது.

1984இல் மீண்டும் சேர்ணுக்கு வந்த அவர், 1989 மார்ச் மாதத்திலே தம் எண்ணத்தை ஒரு திட்டமாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். எந்தக் கணினியிலுள்ள பத்திரமாயினும் அதிலுள்ள ஒரு சொல்லிலிருந்து மற்றொரு கணினியிலுள்ள பத்திரத்துக்குச் செல்ல வழியிருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஓரிடத்திற் குவித்து ஒருவர் ஆளவேண்டுவதில்லை. இதுவே அத்திட்டத்தின் சாரம். மேலதிகாரியாகிய மைக் செண்டல், இது தெளிவற்றது, எனினும் உள்ளத்தைக் கிளர்விப்பது என்ற கருத்துப்பட அதன் முகப்பிற் குறித்து வைத்தார். திட்டம் ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. அவரோ சோர்ந்தாரல்லர்; 1990இல் அதனை மீண்டும் அனுப்பினார். அவ்வாண்டு செப்டெம்பரிலே நெக்ஸ்ற் என்னும் புதுவகைக் கணினி ஒன்றை வாங்குவதற்குச் செண்டல் இணங்கினார். பெல்ஜியம் தேசத்தவராகிய றொபேட் கையோ என்பவரும் துணைவராயினார்.

பெயர் சூட்டுவதிலும் ஓர் அழகுண்டு. 'தகவற் சுரங்கம்' என ஒரு பெயரை நினைத்தபோது அதன் ஆங்கில முதலெழுத்துக்கள் தம் பெயராகிய ரிம் என்றே அமைதலைக் கண்டு, அது தற்பெருமையாகுமென அதனைக் கைவிட்டார். 'உலகளாவிய வலை' என்னும் பெயரே நிலைத்தது.

1990 டிசெம்பர் முடிவதற்குள் வேண்டிய கருவிகள் அமைந்தன: பக்கத்தை எழுதும் முறை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி, கணினிகள் பக்கங்களைக் கேட்டுப் பெறும் ஒழுங்கு, பக்கத்தை வாசிப்பதற்கும் எழுதுவதற்குமான நிரல். தளத்தைத் தாங்கிய அந்நெக்ஸ்ற் கணினியிலே, இதனை நிறுத்தவேண்டாம் எனச் சிவப்பு மையால் எச்சரித்த சிறு தாளொன்று ஒட்டப்பட்டிருந்தது. அன்று யாரேனும் அதனை நிறுத்தியிருந்தால் உலகின் வலை முழுவதுமே நின்றிருக்கும்!

ஆயினும் நெக்ஸ்ற் கணினி உடையோர் மிகச் சிலர். ஆகவே நிக்கோலா பெலோ என்னும் மாணவி, எந்தக் கணினியிலும் இயங்கத்தக்க எளிய வாசிப்பு நிரலை ஆக்கினார். தொடர்புகளுக்கு எண் இடப்பட்டிருக்கும்; எண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். அடுத்துச் சேர்ணின் தொலைபேசிப் புத்தகத்தை வலையிலேற்றினர். பெருந்தத்துவத்தைக் கேட்டு அசையாதவர்களும் ஒரு தொலைபேசி இலக்கத்துக்காக வலையைத் திறந்தனர். அன்றாடத் தேவைக்கு உதவும் பொருளையே மக்கள் கைக்கொள்வர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1991 ஆகஸ்ட் 6ஆந் திகதி பேர்ணேர்ஸ்-லீ இம்முயற்சியை இணைய வழியே வெளியுலகுக்கு அறிவித்தார். முதற்றளத்திலே படமுமில்லை, அலங்காரமுமில்லை. இவ்வலை யாது, இதில் ஈடுபட்டோர் யாவர், நிரலைப் பெறுவது எங்ஙனம், நீரும் உதவுவது எவ்வாறு என்பனவே அங்கிருந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட்டிலுள்ள ஆராய்ச்சி நிலையமும் தன் தளத்தைத் திறந்தது.

இனி நாம் கூறப்போவதே இவ்வரலாற்றின் சிகரம். அக்காலத்தில் வலைக்குப் போட்டியாக மினசோட்டாப் பல்கலைக்கழகத்தாரின் 'கோபர்' என்னும் முறை செழித்திருந்தது. 1993இல் அதன் உபயோகம் சிலவற்றுக்குக் கட்டணம் அறவிடப்படும் எனப் பல்கலைக்கழகம் அறிவிக்கவே பலர் தயங்கினர். சேர்ண் நிலையமோ 1993 ஏப்ரல் 30ஆந் திகதி, வலையின் நிரல்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனப் பிரகடனஞ் செய்தது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் ஏறத்தாழ 10,000 வலை வழங்கிகள் இருந்தன. பூட்டி வைத்தது தேய்ந்தது, ஈந்தது வளர்ந்தது.

இத்துணை சிறந்த கூட்டத்தாரும் ஒன்றிலே தவறினர். முதற்பக்கத்தைத் திருத்தத் திருத்தப் பழைய வடிவம் அழிந்தது. அதன் ஆதிப்படியை எவரும் பேணி வைக்கவில்லை. 2013இல் சேர்ண் அத்தளத்தை அதன் பழைய முகவரியிலே மீண்டும் அமைத்தபோது கிடைத்தது 1992ஆம் ஆண்டுப் படியே. அறிவு தொலைதலைத் தடுக்கப் பிறந்த தளத்தின் பிறந்தநாட் கோலமே தொலைந்துவிட்டது.

பேணாதது அழியும் என்பதை நம்மவர் நன்கறிவர். செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் தொண்டு யாருக்காக? அதே எண்ணத்துடன் 1998இல் மதுரைத் திட்டமும், 2005இல் நூலகம் என்னும் நம் நாட்டு முயற்சியும் தமிழ் நூல்களை வலையிலேற்றத் தொடங்கின.

சேர்ணிலே இரண்டு ஆண்டுக்கொருமுறை ஆட்கள் மாறினர். சங்கங்களிலே காரியதரிசியும் தனாதிகாரியும் ஆண்டுதோறும் மாறுகின்றனர். கூட்ட அறிக்கைப் புத்தகம் ஒருவர் வீட்டு அலுமாரியிலும், பழைய மலர் இன்னொருவர் பரணிலும் கிடந்து மறைகின்றன. வாலிபர்களே! சங்கத்துக்கு ஒரு தளம் அமைக்க விரும்புவீராயின், நிறமும் படமும் எவ்வாறிருத்தல் வேண்டும் என்று முதலிற் கேளாதீர்கள். நம்மிடமிருந்து தொலைந்துகொண்டிருப்பது யாது என்று கேளுங்கள். பெரியோர்களே! உங்கள் அலுமாரிகளைத் திறந்துவையுங்கள். அவ்விரண்டும் கூடுமிடத்திலேயே நல்லதொரு தளம் பிறக்கும்.