வரைபுத்தாளும் நிலவறையும்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தின் வடகோடியில், சென் லோறன்ஸ் ஆற்றங்கரையிலே, ஒக்டென்ஸ்பேர்க் என்னும் சிறு பட்டினம் ஒன்றுண்டு. ஆற்றின் மறுகரை கனடா. 1981ஆம் ஆண்டில் அப்பட்டினத்திலிருந்து சேர்-ரெக் என்ற நிறுவனம் பெட்டியொன்றை விற்பனைக்கு அனுப்பியது. பெட்டியினுள் ஒரு நெகிழ்வட்டும் ஒரு கைந்நூலும் இருந்தன. அப்பிள் 2 என்னும் வீட்டுக் கணனியில் இட்டு ஆடுதற்குரிய 'விசார்ட்ரி' என்ற விளையாட்டு அது. அதனை வாங்கியோர் இன்னுமொரு பொருளையும் தேட வேண்டியதாயிற்று. அது வரைபுத்தாள். கேத்திரகணித வகுப்பிலே மாணவர் பயன்படுத்தும் அதே சதுரக்கோட்டுத் தாள்தான்.

கணனியில் ஆடும் விளையாட்டுக்குப் பென்சில் எதற்கு என இன்றைய இளைஞர் வினவக்கூடும். அவ்வினா அற்பமானதன்று. ஆசிரியர் எவருமின்றி, வீட்டின் மூலையில் அமர்ந்து, கடினமானதொரு வித்தையைப் பல்லாயிரவர் எவ்வாறு பயின்றனர் என்ற வரலாறு அதற்குள் அடங்கியிருக்கின்றது.

அவ்வரலாற்றின் வேர் கணனியில் இல்லை; மேசையிலே உள்ளது. பொம்மைப் படைகளைப் பரப்பிவைத்துப் பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிற் பலர் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் இருவரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் 1974இல் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டின் விதிநூல்களை வெளியிட்டனர். 'நிலவறைகளும் பறக்கும் நாகங்களும்' என்று அப்பெயரைத் தமிழிற் கூறலாம். இதிலே படை முழுவதையும் ஒருவர் நடத்துவதில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரேயொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூணுவர். நடுவர் ஒருவர் நிலவறையின் படத்தை மறைத்து வைத்துக்கொண்டு, முன்னே கதவொன்று உண்டு, வலப்புறம் வழியொன்று பிரிகின்றது என வாயாற் சொல்லிவருவார். கேட்போர் அதனைத் தாளிற் குறித்துக்கொள்வர். வெட்டு விழுந்ததா, தவறியதா என்பதைப் பகடை தீர்க்கும். பகடையிலும் ஆறு முகத்தது மட்டுமன்றி, இருபது முகத்ததும் உண்டு. இவ்வளவு கணக்கு மிகுந்த இடத்துக்குக் கணனி வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

வந்து சேர்ந்த கணனி கல்விக்கென்றே அமைக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை. இலினோய் பல்கலைக்கழகத்திலே டொனால்ட் பிற்சர் 1960இல் 'பிளேட்டோ' என்னும் கற்பித்தல் அமைப்பைத் தொடங்கினார். பெருங்கணனியொன்று நடுவே இருக்கும். அதனோடு கம்பிவழி இணைந்த திரைகளின் முன் மாணவர் அமர்ந்து பாடம் பயில்வர். 1970களில் அத்திரைகள் செம்மஞ்சள் ஒளியிற் படங்களையும் காட்டவல்லனவாயின. 1975இல் அவ்வமைப்பினுள் 'பெடிட்5' என்றொரு கோப்பு இருந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ அலுவலக வேலை என்றே எண்ணத்தோன்றும், திறந்தால் நிலவறை. நிருவாகிகள் கண்டு அழித்தனர். ஆயினும் அதன் வழிவந்தவை வேறு பெயர்களில் முளைத்தன. 1977இல் வந்த 'ஊப்லியெற்' என்ற விளையாட்டில், பலர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து நிலவறையுள் இறங்கவும், அதன் சுவர்களைக் கண்முன்னே நிற்பனபோற் காணவும் முடிந்தது. பாடசாலை நடத்துவோர் இச்செய்தி கேட்டு முகஞ் சுளித்தல் இயல்பே. எனினும், பாடம் புகட்ட வைத்த பொறியிலே அம்மாணவர் தாமாகத் தேடிக்கொண்ட பாடம் எளியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பயின்ற அன்ட்றூ கிறீன்பேர்க், றொபேட் வூட்ஹெட் என்னும் இருவரும் பிளேட்டோ விளையாட்டுக்களை நன்கறிந்தவர்கள். பெருங்கணனியிற் கண்டதை ஒரு சிறு மேசைக் கணனியினுள் அடக்குவதே அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம். கிறீன்பேர்க் முதலில் பேசிக் மொழியில் எழுதிய வடிவம் ஆமைபோல் நகர்ந்தது. பின்னர் இருவரும் கூடிப் பாஸ்கல் மொழியிலே எழுதி முடித்தனர். கதை மிகச் சிறியது. திரெபோர் என்னும் பித்துப்பிடித்த அரசனிடமிருந்து வேர்ட்னா என்ற மந்திரவாதி தாயத்தொன்றைக் கவர்ந்து, கோட்டைக்கு அடியில் பத்துத் தளங்கள் கொண்ட நிலவறையின் அடித்தளத்தில் ஒளிந்திருக்கின்றான். ஆறு பேர் இறங்கி அதனை மீட்க வேண்டும். அவ்விரு பெயர்களின் ஆங்கில எழுத்துக்களையும் கடைசியிலிருந்து படித்தால் றொபேட் என்றும் அன்ட்றூ என்றும் வரும்.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். ஆட்டத்துக்குப் புதியவர் முதலிற் செய்ய வேண்டியது ஆறு பேரைப் படைத்தல். ஒவ்வொருவர்க்கும் வலிமை, அறிவு, பத்தி, உயிர்வலு, சுறுசுறுப்பு, நல்லூழ் என ஆறு குணங்கள் எண்களாற் குறிக்கப்படும். போர்வீரனுக்கு வலிமை வேண்டும். மந்திரவாதிக்கு அறிவு வேண்டும். குருவானவர்க்குப் பத்தி வேண்டும். சாமுராய் போன்ற உயர்ந்த நிலைகளுக்குப் பல குணங்கள் ஒருங்கே உயர்ந்திருத்தல் அவசியம். அணிவகுப்பிலும் விதியுண்டு. முன்வரிசை மூவரே ஆயுதத்தாற் பொர முடியும். பின்வரிசை மூவரும் மந்திரத்தையே நம்பியிருப்பர். இதை அறியாமற் பின்வரிசையில் வாள்வீரனை நிறுத்தியோர், அவன் கைகட்டி நிற்பதைக் கண்டே கற்றுக்கொண்டனர்.

மந்திரங்கள் மொத்தம் ஐம்பது. அவற்றின் பெயர்கள் எம்மொழியிலும் இல்லாதவை. திரையிலே பட்டியல் காட்டி எதுவேண்டும் எனக் கேட்கும் வழக்கம் அப்பிள் கணனிப் பதிப்பில் இல்லை. கைந்நூலைப் பார்த்து எழுத்தெழுத்தாக விசைப்பலகையில் அடித்தல் வேண்டும். நாளடைவில் கைந்நூல் தேவைப்படாமற் போகும், சொற்கள் மனனமாகும். மனனமானபின் அவற்றினுள் ஓர் இலக்கணம் இருப்பதும் புலப்படும். 'ஹலிட்டோ' என்பது சிறு தீ. அதன் முன்னே 'மா' சேர்ந்து 'மஹலிட்டோ' ஆயின் பெருந்தீ. மாநகர், மாமலை என்று பேசிப் பழகிய தமிழர்க்கு இந்த 'மா' அயலானதாகத் தோன்றாது. தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் சுவையானது.

எல்லாவற்றிலும் பெரிய பயிற்சி, படம் வரைதல். திரையின் ஒரு மூலையிலே சிறு சாளரம்போன்ற இடத்தில் வெறுங்கோடுகளாற் சுவரும் கதவும் காட்டப்படும். எல்லாச் சுவரும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு தளமும் நெடுக்கில் இருபது, குறுக்கில் இருபது கட்டங்கள் கொண்டது. அதாவது 400 கட்டங்கள். பத்துத் தளங்களுக்கும் 4000. ஓரடி எடுத்துவைத்தால் தாளிலே ஒரு சதுரம் நிரப்ப வேண்டும். முதலாந் தளத்தின் தென்மேற்கு மூலையிலே படிக்கட்டு இருக்கின்றது. அதனை உற்பத்தித் தானமாகக் கொண்டு கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என எண்ணிச் செல்வதே முறை. தடுமாறினோர்க்கு உதவ 'டுமாபிக்' என்ற மந்திரம் உண்டு. அதனை ஓதினால், படிக்கட்டிலிருந்து குழு எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே, எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றது, எத்திசையை நோக்குகின்றது என்பன தெரியவரும். ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் என்று பெயர் சொல்லிக் கற்பித்தாற் கொட்டாவி விடும் வயதிலுள்ள சிறுவர், பெயர் தெரியாமலே அதனைப் பழகினர்.

ஆக்கியோர் இருவரும் அவர்களை எளிதில் விடவில்லை. சில கட்டங்களிற் கால் வைத்ததும் குழு வேறு திசைக்குத் திருப்பப்படும். திருப்பியதற்கு அறிகுறி எதுவும் இராது. வடக்கே போவதாக எண்ணி மேற்கே போய்க்கொண்டிருப்பர். சில கட்டங்கள் சத்தமின்றி வேறிடத்துக்குத் தூக்கி எறியும். சில பகுதிகளில் விளக்கு மந்திரமும் பலிக்காத இருள். பிழை நேர்ந்த இடத்திற் பிழை தெரியாது. பத்து, பதினைந்து கட்டங்கள் கடந்தபின், புதிதாய் வரையும் பாதை ஏற்கெனவே வரைந்த அறையின் சுவரை வெட்டிக்கொண்டு போகும்போதுதான் ஆடுபவர் திகைப்பார். அதன்பின், எந்த அடியில் உண்மையும் தாளும் பிரிந்தன என்று பின்னோக்கித் தேட வேண்டும். அழிறப்பரால் அழித்து மீண்டும் வரைய வேண்டும். அந்தத் தாள்கள் தேய்ந்து ஓட்டை விழுந்ததிற் புதுமையில்லை. கைந்நூல் கற்பித்தது விதிகளை. விளையாட்டைக் கற்பித்தது அழிறப்பரே.

இவ்வளவு கவனம் எதற்காக? இறப்புக்காக. அக்காலத்து விளையாட்டுக்கள் பலவற்றில் ஆள் இறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாற் போதும். விசார்ட்ரியில் நிலைமை வேறு. மாதக்கணக்கில் வளர்த்தெடுத்த வீரன் இறந்தால், அவன் இறந்தவனாகவே வட்டிற் பதியப்படுவான். கோட்டையிலுள்ள கான்ற் ஆலயத்திலே பெரும்பணம் காணிக்கை கொடுத்து உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தவறினால் உடல் சாம்பராகும். சாம்பரையும் உயிர்ப்பிக்க முயன்று அதுவும் தவறினால், அவன் பெயர் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். கொடுத்த காணிக்கை திரும்பி வாராது.

ஆறு பேரும் நிலவறையிலே மாண்டால் நிலைமை இன்னும் கடினம். அவர்களின் உடல்கள் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கும். புதிதாகச் சிலரைப் படைத்து, முதலிலிருந்து பயிற்றி வளர்த்து, அந்த ஆழத்துக்கு அனுப்பித் தேடி எடுத்து வரவேண்டும். குழுவில் ஆறு பேருக்கு மேல் இடமில்லை. இறந்தவரும் அந்தக் கணக்கிலே சேர்வர். ஆதலால் மீட்கச் செல்வோர் மூவராகவோ நால்வராகவோ குறைந்த பலத்தோடுதான் இறங்க இயலும். இங்கேதான் வரைபுத்தாளின் மதிப்பு விளங்குகின்றது. படம் பிழையாயின் உடல்களைக் கண்டுபிடிக்கவே முடியாது. சக்கரவியூகத்துள்ளே புகத் தெரிந்து வெளிவரத் தெரியாத அபிமன்யுவின் கதியே இறங்கியோர்க்கும் நேரும். 'மலோர்' என்ற உயர்ந்த மந்திரம் குழுவைக் கேட்ட இடத்துக்கு ஒரு நொடியிற் கொண்டுசெல்லும். எண்ணைப் பிழையாகக் கூறினாலோ, அனைவரும் கற்பாறைக்குள் புதைந்து மீட்சியின்றி அழிவர். கணக்கிலே ஒரு தானம் பிழைத்ததற்கு இத்துணைக் கடுந்தண்டனை எந்தப் பாடசாலையிலும் இல்லை.

மனிதர் எங்கும் மனிதரே. தண்டனைக்குத் தப்பும் வழிகளை ஆட்டக்காரர் விரைவிற் கண்டுகொண்டனர். வீரன் வீழ்ந்த கணத்திலே, கணனி அதனை எழுதுமுன், வட்டை இழுத்தெடுத்தோர் உளர். வட்டைப் பிரதிசெய்து வைத்துக்கொண்டு, இறப்பு நேர்ந்ததும் பழைய பிரதிக்குத் திரும்பியோர் அவரினும் பலர். வீரர்களின் எண்களையே மாற்றித்தரும் செய்நிரல்களும் கடைகளில் விற்பனைக்கு வந்தன. சேர்-ரெக் நிறுவனத்தார் அதனை விரும்பவில்லை. விளையாட்டின் சமநிலை கெடும் என எச்சரித்தனர். நேர்மையான குறுக்குவழியொன்றும் இருந்தது. முதலாந் தளத்தின் ஓரறையில் 'மேர்பியின் பேய்' என்றொரு பேய் உண்டு. அதன் அடி மெல்லியது. வெல்லக் கிடைக்கும் அனுபவப்புள்ளியோ பெரிது. அதனோடு மீண்டும் மீண்டும் மோதியே தம் குழுவை வளர்த்தோர் எண்ணற்றோர். பிரதிசெய்தல் ஏமாற்றா, முன்யோசனையா என்ற வழக்குக்கு இன்றும் தீர்ப்பில்லை. எனினும் வட்டைப் பிரதிசெய்தவரும் படத்தைத் தாமே வரைந்தனர். அதற்குக் குறுக்குவழி, வரைந்து முடித்த ஒருவரின் தாளை இரவல் வாங்குவது ஒன்றே.

1985இல் இவ்விளையாட்டு யப்பானியக் கணனிகளுக்கும், 1987இல் அந்நாட்டு வீடுகளிற் பரவியிருந்த பமிகொம் பொறிக்கும் சென்றது. அங்கே அதற்குக் கிடைத்த மரியாதை பிறந்த நாட்டிற் கிடைத்ததிலும் நீண்டகாலம் நிலைத்தது. சுவையான ஒரு பிழையும் நேர்ந்தது. ஆக்கியோர், சமையலறையில் அரைத்து நறுக்கும் பொறியொன்றின் வணிகப் பெயரை வேடிக்கையாக ஒரு வாளுக்கு வைத்திருந்தனர். அப்பொறியை அறியாத யப்பானிய வாசகர் அதனைப் பழங்காலத்துப் பெருங்கொல்லன் ஒருவன் வடித்த வாள் என்றே கொண்டு போற்றினர். 1986இல் ஹொரி யூஜி 'டிராகன் குவெஸ்ட்' என்ற விளையாட்டை அமைத்தபோது விசார்ட்ரியும் அதன் சமகாலத்து 'அல்ரிமா'வும் அவர் முன்னே இருந்தன. ஆனால் அவர் சிறுவரையும் முதியவரையும் மனங்கொண்டு கடுமையைக் குறைத்தார். வீரனின் இறப்பு பாதிப்பணத்தோடு தீர்ந்தது. அந்த இரக்கத்தினாலேயே அவ்விளையாட்டு வீடுதோறும் புகுந்தது என்பதை மறுத்தற்கில்லை.

1980களின் இறுதியில், கணனியே நிலவறையின் படத்தை வரைந்து காட்டும் விளையாட்டுக்கள் வந்தன. பென்சில் மேசையினின்றும் இறங்கிற்று. சேர்-ரெக் நிறுவனம் 2001இல் தொடரின் எட்டாம் விளையாட்டை வெளியிட்டுச் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆயினும் 2007இல் யப்பானின் அற்லஸ் நிறுவனம் வெளியிட்ட நிலவறை விளையாட்டொன்றிலே, கையடக்கப் பொறியின் கீழ்த்திரையிற் சதுரக்கோடுகள் காணப்பட்டன. ஆடுபவர் ஒரு சிறு கோலை எடுத்துச் சுவர்களைத் தம் கையாலேயே வரைய வேண்டும். வரைபுத்தாளை அறியாத வயதினர் அதனை விரும்பி ஆடினர். தொடர்ந்து பல பாகங்களும் வந்தன.

2024 மே மாதத்தில் டிஜிற்றல் எக்லிப்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டு விளையாட்டைப் புதிய படங்களுடன் வெளியிட்டது. உள்ளே ஓடுவது பழைய செய்நிரலே. விரும்பினால் திரையின் ஒரு பக்கத்திலே பழைய அப்பிள் திரையையும் காணலாம். அதே வெறுங்கோட்டுச் சுவர், அதே கதவு. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அன்ட்றூ கிறீன்பேர்க் காலமானார். அவர் பெயரைத் திருப்பி எழுதிய மந்திரவாதி மட்டும், பத்தாந் தளத்திலே இன்றும் அவ்விடத்திலேயே இருக்கின்றான்.