தவறியவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேட்கிற கேள்வி அது. ஆனால் ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பதினாறு என்று ஒரு வயது இருக்கிறது. அந்த வயதைப் பற்றிப் பழமொழி வாயைத் திறப்பதில்லை.

அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு யோக்கியதை உண்டு. 1995ஆம் வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நான் கணக்கில் தவறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதனும் தவறினான். உண்மையில் அவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு அவனுடைய தகப்பனார் காலமாகிவிட்டார்; அந்த நிலையில் எந்தப் பையனால் வர்க்கமூலம் போட முடியும்?

ரிஸல்ட் வந்த மறுநாள் என் தாய்மாமா ஊரிலிருந்து வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "போனது போகட்டும், அக்கா. அக்டோபரில் எழுதட்டும்" என்றார். பிறகு என்னை ஒரு டுடோரியல் காலேஜில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் தேறினேன், பிற்பாடு இரண்டு வருஷம் கல்லூரி வாசலையும் மிதித்தேன். என் சிநேகிதன் அந்த ஜூலையிலேயே ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டான். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு மாமாதான்.

மாமா இல்லாத பையன்களுக்கு ஒரு சர்க்காரே மாமாவாக வந்து நின்றால் எப்படி இருக்கும்? அமெரிக்கர்கள் தங்கள் சர்க்காருக்கு "ஸாம் மாமா" என்றுதான் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஸாம் மாமா தவறிப்போன மருமகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அதற்கு ஜாப் கோர் என்று பெயர். தமிழில் வேலைப் படை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதை 1933இல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் பாங்குகள் சாய்ந்து, ஆலைகள் மூடி, லட்சக்கணக்கான வாலிபர்கள் தெருவில் நின்ற காலம். புதிதாகப் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், கல்யாணமாகாத ஏழை இளைஞர்களைத் திரட்டிக் காட்டுக்கு அனுப்பினார். மரம் நட, பாதை போட, மண் அரிப்பைத் தடுக்க. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரைச் சர்க்காரே வீட்டுக்கு அனுப்பிவிடும். பையன் கையில் மிஞ்சுவது ஐந்து. 1942இல் இந்தப் படை கலைக்கப்படுவதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் இருந்து போனார்கள். அவர்கள் நட்ட மரங்கள் 300 கோடி என்று கணக்கு. மாலை வேளையில் முகாம்களில் வகுப்பும் நடந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்து, வீட்டுக்குக் கடிதம் எழுதக் கற்றுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

1935இல் ரூஸ்வெல்ட் இளைஞர்களுக்கென்று இன்னொரு ஸ்தாபனத்தையும் ஏற்படுத்தினார். டெக்ஸாஸ் மாகாணத்தில் அதை நடத்த நியமிக்கப்பட்டவருக்கு வயது 26. பெயர் லிண்டன் ஜான்ஸன்.

இந்த ஜான்ஸனின் பூர்வ கதை நமக்கு முக்கியம். 1924இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, சிநேகிதர்களோடு கலிபோர்னியாவுக்கு ஓடியவர் அவர். அங்கே கிடைத்த வேலைகளைச் செய்தார். ஊர் திரும்பிய பிறகு ரோடு போடும் கூலிகளோடு சேர்ந்து மண் சுமந்தார். மூன்று வருஷம் அப்படிப் போன பிறகு, 1927இல்தான் ஸான் மார்க்கோஸ் என்ற ஊரிலிருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக்குப் பணம் போதாமல் நடுவில் ஒரு வருஷம் கொட்டுலா என்ற சிற்றூரில் வாத்தியார் வேலை பார்த்தார். அங்கே படித்தவர்கள் மெக்ஸிகோ வம்சத்துக் கூலிக்காரர்களின் குழந்தைகள். பசியோடு பள்ளிக்கு வந்த அந்தக் குழந்தைகளின் முகத்தைத் தம்மால் மறக்க முடியவில்லை என்று ஜனாதிபதியான பிறகும் அவர் சொல்லி வந்தார். அரசியல்வாதிகள் இப்படி எத்தனையோ சொல்வார்கள். எல்லாவற்றையும் நாம் நம்பிவிடுவதில்லை. ஆனால் ரோடு போட்ட கையால் சட்டத்தில் கையெழுத்துப் போடும்போது, அந்தக் கைக்குப் பழைய காய்ப்பு கொஞ்சமாவது ஞாபகம் இருக்காதா?

1964 ஜனவரியில் வறுமையின் மீது போர் தொடுப்பதாக ஜான்ஸன் அறிவித்தார். அதே மாதம் ஓர் அறிக்கை வெளிவந்தது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வயதை எட்டுகிற அமெரிக்க வாலிபர்களில் மூன்றில் ஒருவர் அதற்கு லாயக்கில்லை என்று அது சொல்லியது. அவர்களில் சரிபாதிப் பேர் உடம்பு தேறாதவர்கள். மறுபாதி எழுத்துப் பரீட்சையில் தேறாதவர்கள். உலகத்திலேயே பணக்கார தேசம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்த வருஷம் ஆகஸ்டு 20ஆம் தேதி சட்டத்தில் ஜான்ஸன் கையெழுத்திட்டார். நடத்தும் பொறுப்பு ஸார்ஜெண்ட் ஷ்ரைவர் என்பவரிடம் வந்தது. 1965 ஜனவரியில், மேரிலாந்து மாகாணத்தில், கட்டாக்டின் மலைக்காட்டில் முதல் முகாம் திறக்கப்பட்டது.

16 வயது முதல் 21 வயது வரையில் உள்ள, பள்ளியை விட்டு நின்றுபோன ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் இடம். சாப்பாடு, படுக்கை, வைத்தியம், துணிமணி எல்லாம் சர்க்கார் செலவு. மாதம் 30 டாலர் கைச்செலவுக்கு. அது தவிர மாதத்துக்கு 50 டாலர் வீதம் பையன் பேரில் சேர்ந்துகொண்டே வரும். படிப்பு முடிந்து போகும்போது கொடுப்பார்கள். விரும்பினால் அதில் 25 டாலரை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் சர்க்கார் தன் பங்குக்கு இன்னொரு 25 டாலர் போட்டு அனுப்பும். தாயாரை நினைக்கிற பிள்ளைக்கு இரட்டிப்புக் கூலி! இந்த ஏற்பாட்டை யோசித்தவன் வீட்டுக் கஷ்டம் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

காட்டு முகாம்களில் மர வேலையும் ரோடு வேலையும். பட்டணத்து முகாம்களுக்குக் கிடைத்த இடங்கள் பழைய ராணுவக் கொட்டகைகள். அங்கே மோட்டார் ரிப்பேர், வெல்டிங், சமையல், குமாஸ்தா வேலை. எல்லாவற்றுக்கும் முன்பு வாசிப்பும் கணக்கும். ஜான்ஸன் படித்த ஸான் மார்க்கோஸிலேயே ஒரு பெரிய முகாம் வந்தது.

பெண்களை முதலில் யாரும் நினைக்கவில்லை. எடித் கிரீன் என்ற பெண்மணி, ஆரிகன் மாகாணத்திலிருந்து காங்கிரஸுக்கு வந்த அங்கத்தினர், "பெண்பிள்ளைகள் மட்டும் பட்டினி கிடக்கவில்லையா?" என்கிற தோரணையில் விடாமல் மல்லுக்கு நின்றார். அதன் பலனாகத்தான் 1965இலேயே பெண்களுக்கும் முகாம் கிடைத்தது.

எல்லாம் சுபமாக நடந்தது என்று எழுதினால் அது சரித்திரமாகாது. பதினாறு வயதுப் பையன்களை நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கெண்டக்கி முகாமில் 1965 ஆகஸ்டில் பெரிய கலவரமே நடந்தது. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து தங்குவதைப் பல ஊர்க்காரர்கள் சகிக்கவில்லை. வீட்டு ஞாபகம் தாங்காமல் பாதியில் ஓடியவர்கள் ஏராளம். "ஒரு பையனுக்கு ஆகிற இந்தச் செலவில் ஹார்வர்டிலேயே படிக்க வைக்கலாமே!" என்று எதிராளிகள் கேலி செய்தார்கள். வேடிக்கையான பேச்சுதான். ஆனால் ஹார்வர்டில் படிக்க வைப்பதற்கு முன்னால் அந்தப் பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வர வேண்டுமே! 1969இல் நிக்ஸன் வந்தார். 59 முகாம்களை மூடினார். மிஞ்சியவை தொழில் இலாகாவின் கைக்குப் போயின.

மூடுவதற்குள் அங்கே நுழைந்து வந்தவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டெக்ஸாஸில் ஹூஸ்டன் நகரத்துச் சேரியில் வளர்ந்தவன். பள்ளியை விட்டவன், வழிப்பறியும் அடிதடியும்தான் தொழில். டெலிவிஷனில் ஒரு பிரபல புட்பால் வீரர் பேசிய விளம்பரத்தைப் பார்த்து, 1965இல், பதினாறு வயதில், ஆரிகன் மலைக்காட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தான். அங்கும் சண்டைதான். பிறகு கலிபோர்னியாவில் இருந்த முகாமுக்கு மாற்றினார்கள். டாக் பிராடஸ் என்ற பயிற்சியாளர் அவனைக் கவனித்து, சண்டை போடுவதென்றால் கூடத்தில் வந்து முறையாகப் போடு என்று குத்துச்சண்டைக் கையுறையை மாட்டிவிட்டார். 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அவனுக்குத் தங்கப் பதக்கம். 1973இல் உலக சாம்பியன். ஜார்ஜ் ஃபோர்மன் என்று சொன்னால் வாசகர்களுக்குத் தெரியும். 1994இல் 45 வயதில் மறுபடியும் உலகப் பட்டத்தை வென்று, இரண்டாவது சந்தர்ப்பம் என்பதற்கே அர்த்தம் சொன்ன மனிதர். 2025 மார்ச்சில் காலமானார்.

ஆனால் ஃபோர்மனை வைத்து ஒரு திட்டத்தை அளக்கக் கூடாது. வேலைப் படைக்கு இதுவரை வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேலே. அவர்களில் மற்றவர்களெல்லாம் வெல்டராகவும் சமையற்காரராகவும் நர்ஸுக்கு உதவியாளராகவும் போனவர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே நன்மை ஏற்பட்டதா? இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை நடந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

1994 கடைசியிலிருந்து 1996 ஆரம்பம் வரையில் மனுப்போட்டுத் தகுதி பெற்ற 80,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 6,000 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பொறுக்கி எடுத்து, "உங்களுக்கு மூன்று வருஷத்துக்கு இடமில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முடிவு இதுதான். சேர்ந்தவர்கள் பள்ளி இறுதிக்குச் சமமான சான்றிதழும் தொழில் சான்றிதழும் அதிகம் பெற்றார்கள். போலீஸில் மாட்டுவது அவர்களிடையே சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. நாலாவது வருஷத்தில் சம்பாத்தியம் ஏறத்தாழ 12 சதவிகிதம் கூடியிருந்தது. ஆனால் மேலும் சில வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த லாபம் தேய்ந்துவிட்டது. 20 வயதுக்கு மேல் வந்து சேர்ந்தவர்களிடம்தான் அது நிலைத்தது. கொஞ்சம் அடிபட்டு, வெளி உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பாடத்தின் அருமை கூடுதலாகத் தெரிகிறது போலும். ரோடு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போன ஜான்ஸனை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது இந்தச் சதவிகிதங்கள் அல்ல, அந்த 6,000 பேர். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, மனுவில் குறையில்லை, சீட்டு விழவில்லை, அவ்வளவுதான். அதே 1995இல், எங்கள் பெஞ்சிலும் ஒரு சீட்டுக் குலுக்கப்பட்டது. எனக்கு விழுந்தது, அவனுக்கு விழவில்லை. அமெரிக்காவில் அதை ஆராய்ச்சிக்காகச் செய்தார்கள், எழுதி வைத்தார்கள். நம் ஊரில் அது தினந்தோறும் தானாகவே நடக்கிறது. எழுதி வைக்க ஆளில்லை.

இன்னொரு தகவலும் அந்த ஆராய்ச்சியில் இருந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் சும்மா உட்காரவில்லை. எங்கேயோ ஒரு வகுப்பையோ பயிற்சியையோ தேடிப் பிடித்துச் சேர்ந்திருந்தார்கள். "இந்தப் பையனுக்குப் படிப்பில் இஷ்டமே இல்லை" என்று நாம் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்கத் தொழில் இலாகா, ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் ஏறக்குறைய நூறு முகாம்களையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. செலவு அதிகம், முடித்துப் போகிறவர்கள் குறைவு, சண்டை சச்சரவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். 1965இல் சொன்ன அதே காரணங்கள்! முகாமை விட்டால் படுக்க இடமில்லாத பிள்ளைகளும் அவற்றில் இருந்தார்கள். ஜூனில் ஒரு நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. செலவைக் கேட்பது தப்பல்ல, ஜனங்களுடைய பணம். ஆனால் கைவிட்டால் ஆகிற செலவையும் அதே நோட்டில் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

போன வருஷம் என் சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது பட்டறை அவனுடையது. மூலையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கிரீஸ் கையோடு நின்றான்.

"இவனும் நம்ம ஜாதிதான்டா. பத்தாவதில் கணக்கும் தமிழும் போச்சு" என்றான் சிநேகிதன். "ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்குச் சேரணும்னா பத்தாவது தேறியாகணும். பணம் கட்டிட்டேன். தனியா எழுதறான்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"கணக்கு நான் சொல்லிக் கொடுத்துக்கறேன். தமிழை நீ பார்த்துக்கோ. ஊருக்கெல்லாம் கதை எழுதறியே!"

முப்பது வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு ஒரு மாமா இல்லாமல் போனதை நான் நினைத்துக்கொண்டேன். அவன் அதை நினைத்ததாகத் தெரியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துடு. லேட்டாக வராதே" என்று மட்டும் சொன்னான்.

போனேன். பையனுக்கு இலக்கணம்தான் கொஞ்சம் தகராறு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.