தண்ணி சுமந்த லூயிஸ்

இன்னிக்கு ஒரு ஓட்டக்காரர் கதை. பேரு ஸ்பிரிடோன் லூயிஸ். முதல் ஒலிம்பிக் மாரத்தான்ல ஜெயிச்சவர்னு க்விஸ்ல கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா ஓட்டம் முடிஞ்சப்புறம் அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? எனக்கு அதுதான் சுவாரசியம்.

1896 ஏப்ரல் 10, ஏதென்ஸ். ஒலிம்பிக்ஸ் நடத்துறது கிரீஸ். ஆனா தடகளத்துல அதுவரைக்கும் ஒரு முதலிடம்கூட கிடைக்கலை. தங்களோட சொத்துன்னு நினைச்ச வட்டெறிதலைக்கூட ராபர்ட் காரெட்னு ஒரு அமெரிக்க மாணவர் தட்டிக்கிட்டுப் போயிட்டார். மிச்சம் இருந்த நம்பிக்கை மாரத்தான் மட்டும்தான். பிரெஞ்சு மொழியியல் அறிஞர் மிஷேல் பிரெயால் கொடுத்த யோசனை அது. ஜெயிக்கிறவருக்குன்னு ஒரு வெள்ளிக் கோப்பையும் கொடுத்திருந்தார்.

மாரத்தான் ஊர்லேர்ந்து ஏதென்ஸுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கிளம்பினது 17 பேர். பிரான்சின் லெர்முசியோ ஆரம்பத்துல பறந்தார்; 32 கிலோமீட்டர் வாக்குல ஆள் அவுட். அடுத்து முன்னால போனவர் ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக். 800, 1500 மீட்டர் ரெண்டுலயும் ஜெயிச்சவர், ஆனா இவ்வளவு தூரம் ஓடிப் பழக்கமில்லை. கடைசி சில கிலோமீட்டர்ல அவரும் சுருண்டு விழுந்தார்.

நம்ம லூயிஸ் ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற மரூசிக்காரர். அங்கேர்ந்து நகரத்துக்குத் தண்ணி கொண்டுபோய் விக்கிறதுதான் பொழைப்பு. தகுதிப் போட்டியில அஞ்சாவதா வந்தவர். அதனால பெருசா யாரும் எதிர்பார்க்கலை. நிதானமா ஓடி, 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில ஸ்டேடியத்துக்குள்ள வந்தார். இளவரசர்கள் ரெண்டு பேர் கூடவே ஓடிவந்து எல்லைக்கோடு வரைக்கும் கொண்டுவிட்டாங்களாம்!

என்ன வேணும் கேளுன்னு ராஜா சொன்னதுக்கு, தண்ணி இழுக்க ஒரு வண்டியும் கழுதையும் போதும்னு லூயிஸ் சொன்னதா ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அதுக்கப்புறம் அவர் நடந்துகிட்டது அந்தக் கதைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. ஊருக்குத் திரும்பினார். மறுபடி எந்தப் போட்டியிலும் ஓடலை. விவசாயம் பார்த்தார், பிறகு உள்ளூர் போலீஸ்காரர் ஆனார்.

1926ல் ராணுவ ஆவணங்களைத் திருத்தினார்னு குற்றம் சாட்டி அவரைக் கைது பண்ணினாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில். 1927ல் நிரபராதின்னு விடுதலை. இளவரசர்கள் கூட ஓடின அதே ஆளுக்குத்தான் இந்தக் கதி.

1936ல் மறுபடி நாட்டுக்கு லூயிஸ் தேவைப்பட்டார். பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாரம்பரிய உடையில கிரேக்க அணிக்கு முன்னால நடந்து, ஒலிம்பியாவிலேர்ந்து கொண்டுபோன ஆலிவ் கிளையை ஹிட்லர் கையில கொடுத்தார். சமாதானச் சின்னம்! 1940 மார்ச்சில் லூயிஸ் இறந்துபோனார். அக்டோபர்ல முசோலினியின் படை கிரீஸுக்குள்ள வந்தது. 1941 ஏப்ரல்ல ஹிட்லரோட படை ஏதென்ஸைப் பிடிச்சு, அக்ரோபோலிஸ் மேலயே கொடி ஏத்திச்சு. அதையெல்லாம் பார்க்காம போய்ச் சேர்ந்தது அவர் கொடுத்து வச்சது.

அந்த வெள்ளிக் கோப்பை? குடும்பத்துலயே இருந்தது. 2012ல் பேரன் லண்டன்ல ஏலத்துக்கு விட்டார். 5,41,250 பவுண்டுக்குப் போச்சு. வாங்கினது ஒரு கிரேக்க அறக்கட்டளை.

2004 ஒலிம்பிக்ஸ் நடந்த பிரதான ஸ்டேடியம் மரூசியில, லூயிஸ் பேர்லதான் இருக்கு. எனக்கு அதைவிடப் பிடிச்சது வேற ஒண்ணு. யாராவது கண்ணிமைக்கிற நேரத்துல ஓடிப்போயிட்டா, கிரேக்கர்கள் "லூயிஸ் ஆயிட்டான்"னு சொல்லுவாங்க. ஜெயிச்சப்புறம் ஒரு போட்டியும் ஓடாத மனுஷன், பேச்சுல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கார் :-)