இடிக்கு எதிராக ஒரு பெயர்

சித்திரை, வைகாசியில் கொல்லிமலைக்கு மேல் மேகம் கறுத்துத் திரண்டால், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காட்டில் நிற்பவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். முதல் இடி இடித்ததும் திண்ணையில் இருக்கும் பாட்டி, “அர்ச்சுனா, அர்ச்சுனா!” என்பாள். இடிக்கு அதிபதி இந்திரன். பாட்டி கூப்பிடுவதோ அவன் மகனை. காண்டவ வனம் எரிந்தபோது இந்திரன் கொட்டிய மழையை அம்பாலேயே கூரை வேய்ந்து தடுத்தவன் அர்ச்சுனன். வச்சிராயுதத்தோடு வந்த அப்பனையே திருப்பி அனுப்பியவன் பெயரைச் சொன்னால் இடி அண்டாது என்பது நம்மூர் நம்பிக்கை.

பாண்டியன் இந்திரன் முடியை உடைத்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் பாட்டியின் குரலைப் போலவே ஜப்பானிலும் ஒரு குரல் உண்டு. இடி இடித்தால் அங்கே “குவபரா, குவபரா!” என்பார்கள். அது முசுக்கொட்டைத் தோட்டம் இருந்த ஊர்; சுகவாரா மிச்சிசானேயின் நிலம்; அங்கே மட்டும் இடி விழுந்ததில்லை என்று ஒரு வழக்கு.

முதுகைச் சுற்றி முரசுகளை வளையமாகக் கட்டிய ராய்ஜின் அந்த நாட்டின் பழைய இடித் தெய்வம். (நம் புகாரில் இந்திர விழாவை அறிவித்த முரசும் வச்சிரக் கோட்டத்தில்தான் இருந்தது!) மிச்சிசானேயோ மனிதராய்ப் பிறந்து இடியானவர். 845-இல் பிறந்த கவிஞர். படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வலது அமைச்சர் பதவிவரை ஏறினார். புஜிவாரா குடும்பத்துக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்து இடது அமைச்சர் டோகிஹிரா, பேரரசர் டைகோவிடம் கோள் மூட்டினார். பதவிவெறியில் ஒரு அறிஞனை அழித்த அந்த மனிதரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. 901-இல் மிச்சிசானேயைத் தொலைதூரத் தசைஃபுவுக்குத் துரத்தினார்கள். 903-இல் அங்கேயே வாடி இறந்தார்.

909-இல் டோகிஹிரா போனார். 923-இல் பட்டத்து இளவரசர் போனார். எல்லாம் மிச்சிசானே ஆவியின் கோபம் என்று அரண்டுபோன அரசவை, பறித்த பதவியைச் செத்தவருக்கே திருப்பித் தந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை என்றே ஜனங்கள் நம்பினார்கள். 930-இல் நாடு வறண்டு கிடக்க, மழைக்கு என்ன செய்யலாம் என்று பேச அரண்மனையில் கூடினார்கள். மழை வந்தது, இடியோடு. செய்ர்யோதென் மண்டபத் தூணில் விழுந்த இடி, புஜிவாரா பிரபு ஒருவரின் நெஞ்சைக் கருக்கியது. அதைக் கண்டு நோயில் விழுந்த டைகோ மூன்று மாதத்தில் இறந்தார். 947-இல் கியோட்டோவின் கிதானோவில் மிச்சிசானேக்குக் கோயில் எழுந்தது. இன்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரைத்தான் கும்பிடுகிறார்கள்.

உக்கிரபாண்டியன் வீசிய வளை இந்திரன் முடியில் விழுவது அடுத்த வாரம்.