467 கிணறுகளும் ஒரு எக்ஸ்ரேயும்

1996 ஆகஸ்ட் 28. தமிழ்நாட்டு டேனரிகள் பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள். 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கைக்காக அதைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது அதில் வரும் ஒரு கணக்கு: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

இந்த ஊரின் தோல் தொழிலாளர்களைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல், குரோமியம் உப்பில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-லேயே குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. பழைய குரோம் முறையில் போடும் குரோமியத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாது, கழிவுநீரோடு போய்விடும்.

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் நாக்குக்கே தெரியும். மண்ணில் படிந்த குரோமியம் அப்படித் தெரியாது. அங்கேதான் எக்ஸ்ரே வருகிறது. மண் மீது எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் தெறிக்கும். அந்தக் காலியிடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று இறங்கும்போது புதிய எக்ஸ்ரே கிளம்பும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. குரோமியத்துக்கு 5.41 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 6.40. நம்ம பாஷையில் சொன்னால், டூப்ளிகேட் இல்லாத ஐடி. 1913-ல் இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவர் ஹென்றி மோஸ்லி. இரண்டே வருடத்தில், 27 வயதில், கலிப்போலி போர்க்களத்தில் இறந்தார்.

இன்று துப்பாக்கி மாதிரி கையடக்கக் கருவி ஓரிரு நிமிடத்தில் அளவைக் காட்டிவிடும். ஆனால் அது தொடுவது மேல்மண்ணின் மெல்லிய படலத்தை மட்டும். மண் ஈரமாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். முக்கியமாக, மூன்று இணைதிறன் குரோமியத்தையும் கொடிய நஞ்சான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பாறையிலேயே இருக்கும் குரோமியமா, டேனரியிலிருந்து வந்ததா என்பதும் கருவிக்குத் தெரியாது.

அதைச் சொல்வது வரலாறு. கழிவு வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, எந்தக் குளத்தில் தேங்கியது, எந்தக் கிணறு முதலில் கெட்டது? இது தெரியாமல் எடுக்கிற ரீடிங் வெறும் எண்தான். எக்ஸ்ரே துப்பாக்கியை எந்த வயலில் வைக்கணும் என்று கேட்டால், 467 கிணறுகளை எண்ணிய அந்தப் பழைய கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.